ரூஸ்வெல்ட்டின் கடைசித் தலைவலி

1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. பகல் 1 மணி இருக்கும்.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியர் ஒருவர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார்.

திடீரென்று ரூஸ்வெல்ட்டின் கை தலைக்குப் போனது. பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்றார். உடனே மயங்கிச் சாய்ந்தார். பிறகு கண் விழிக்கவே இல்லை. மாலை 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 63.

உலகமே திடுக்கிட்டது. ஒரு தலைவலி ஆளைக் கொல்லுமா?

4 முறை ஜனாதிபதி

ரூஸ்வெல்ட் 1882-ல் பிறந்தவர். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. 39-வது வயதில் கொடிய நோய் கண்டு, கால்கள் விளங்காமல் போயின. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் டாக்டர்கள். அவர் மனம் தளரவில்லை. 4 முறை ஜனாதிபதி தேர்தலில் வென்றார். அமெரிக்காவில் வேறு யாரும் அப்படி வென்றது இல்லை.

மறைந்திருந்த எதிரி

1944 மார்ச் மாதம், மகள் அன்னா வற்புறுத்தியதால் இருதய டாக்டர் ஹோவர்டு புரூவன் அவரைச் சோதித்தார். ரத்த அழுத்தம் 186/108! இருதயமும் பலவீனப்பட்டிருந்தது.

இருதயத்துக்கு மருந்து கொடுத்தார்கள். உப்பையும் சிகரெட்டையும் குறைத்தார்கள். ஆனால் ரத்தக் கொதிப்பை அடக்க நல்ல மருந்து அப்போது கிடையாது. ஜனாதிபதி நலமாக இருப்பதாகவே மக்களுக்குச் சொல்லப்பட்டது.

டாக்டர் கண்டது என்ன?

அந்தக் கடைசி நாளில் புரூவன் ஓடி வந்தார். ரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டி இருந்தது. கழுத்து விறைத்திருந்தது. சிறிது நேரத்தில் ஒரு கண்ணின் கருமணி அகலமாக விரிந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று இந்த அடையாளங்களைக் கொண்டே முடிவு செய்தார். மண்டைக்குள் படம் எடுத்துப் பார்க்கும் சி.டி. ஸ்கேன் நோயாளிகளுக்கு வந்தது 1971-ல்தான்.

ஆக, ரூஸ்வெல்ட்டைக் கொன்றது தலைவலி அல்ல. பல ஆண்டுகளாக உள்ளே இருந்த ரத்தக் கொதிப்பு. தலைவலி அதன் கடைசி அபாய மணி.

எல்லாத் தலைவலியும் இப்படி அல்ல. ஆனால் இடி விழுந்ததுபோல் திடீரென்று கடும் வலி வந்தால், மயக்கமோ வாந்தியோ கழுத்து விறைப்போ சேர்ந்தால், தைலம் தடவிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று ஏழைக்கும் கிடைக்கிறது. ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.