பெயரில்தான் கோரம்... மனசு முழுக்கக் குழந்தைகள்!

தாமஸ் கோரம். தமிழில் படிச்சா பெயர் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். ஆனால், லண்டன் தெருக்களில் கைவிடப்பட்ட பச்சைக்குழந்தைகளுக்காக 17 வருஷம் அலைஞ்ச மனுஷன் இவர்.

1668 வாக்கில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. 11 வயசில் கப்பல் வேலைக்குப் போனார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கப்பல் கட்டினார். பாஸ்டன் பெண்ணான யூனிஸைக் கல்யாணம் செய்துகிட்டார். அவங்களுக்குக் குழந்தை இல்லை.

லண்டன் திரும்பி வியாபாரம் பார்த்த நாள்களில், சாலையோரம் வீசப்பட்ட குழந்தைகளை அடிக்கடி பார்த்தார். சிலது உயிரோடு, சிலது உயிரில்லாமல். இவங்களுக்கு ஒரு இல்லம் வேணும்னு முடிவு செய்தார். நன்கொடை திரட்டவும் சொத்து வாங்கவும் அரசரின் அனுமதிப் பத்திரம் தேவை. பெரிய மனுஷங்க கையெழுத்துப் போடத் தயங்கினாங்க. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெறுவதை ஊக்குவிச்சதா ஆகிடும்னு பயம்!

கோரம் ரூட்டை மாத்தினார். பிரபுக்களின் வீட்டுப் பெண்களிடம் போனார். 21 சீமாட்டிகள் கையெழுத்துப் போட்டாங்க. 1739-ல் பத்திரம் கிடைச்சது. 1741 மார்ச் 25 அன்று கதவு திறந்தது. முதல் இரவே 30 குழந்தைகளோடு இடம் நிரம்பிடுச்சு. மற்ற அம்மாக்கள் அழுதபடி திரும்பினாங்க.

ஒரு குழந்தைக்கு எவ்வளவு காலம்?

சேர்ந்த குழந்தைகளைக் கிராமத்துப் பெண்களிடம் அனுப்பினாங்க. வாராவாரம் கூலி கொடுத்தாங்க. சுமார் 5 வயசு வரை அந்த வீட்டில்தான் வளர்ப்பு. இன்னிக்கு நாம சொல்ற ஃபாஸ்டர் கேர் மாதிரிதான். அப்புறம் இல்லத்துக்குத் திரும்பி வந்து, வளர்ந்ததும் தொழில் பழகப் போகணும். அதுவரை சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் செலவு.

அவ்வளவு காசு இல்லை. அதனால 1742-ல் குலுக்கல் வந்தது. அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு பந்து எடுக்கணும். வெள்ளை வந்தா, நோய் இல்லைன்னா குழந்தைக்கு இடம். சிவப்புன்னா காத்திருக்கணும். கருப்புன்னா வீட்டுக்குப் போகணும்.

ஓவியர் ஹோகார்த் படங்கள் கொடுத்தார். இசையமைப்பாளர் ஹேண்டல் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார். ஆனால், நிர்வாகத்தோடு மோதல் வந்து, 1742-லேயே கோரம் ஓரங்கட்டப்பட்டார். கடைசிக் காலத்தில் கையில் காசில்லை. நண்பர்கள் திரட்டிக் கொடுத்த உதவித்தொகையில் வாழ்ந்தார். 1751-ல் இறந்தார். அந்த இல்லத்தின் சர்ச்சிலேயே அடக்கம் செய்தாங்க.

அரசுப் பணம் வந்தது... நின்றது!

1756-ல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு கொடுத்தது. நிபந்தனை, வர்ற எல்லாக் குழந்தைகளையும் சேர்க்கணும். முதல் நாளே 117 குழந்தைகள். தூர ஊர்களிலிருந்து கூலியாட்கள் சுமந்து வந்த குழந்தைகள் நோயோடு வந்து சேர்ந்தாங்க. பாலூட்டும் பெண்கள் போதவில்லை. நாலு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட 15,000 குழந்தைகள் வந்தாங்க. அதில் உயிர் பிழைச்சுத் தொழில் பழகப் போனது சுமார் 4,400 பேர்தான். செலவைப் பார்த்து மிரண்ட நாடாளுமன்றம், 1760-ல் புதுக் குழந்தைகளுக்கான பணத்தை நிறுத்திடுச்சு.

கதவைத் திறக்க ஒரு தடவை பணம் ஒதுக்கினா போதாது. பால் கொடுக்க ஆள், வளர்க்க வீடு, போய்ப் பார்க்க அதிகாரி, அந்தக் குழந்தை சொந்தக் காலில் நிற்கும் வரை வருஷா வருஷம் காசு. குழந்தைகள் நலத்துக்கு பட்ஜெட் போடுறவங்க எந்த நாட்டில் இருந்தாலும் பார்க்க வேண்டிய கணக்கு இது.

கோரம் தொடங்கிய அமைப்பு அவர் பெயரிலேயே லண்டனில் இன்னிக்கும் குழந்தைகளுக்காக இயங்குது. பழைய இல்லம் இருந்த இடம் இப்போ விளையாட்டு மைதானம். அங்கே பெரியவங்க உள்ளே போகணும்னா, கூட ஒரு குழந்தை இருக்கணும்!