அறிஞர் சாமுவேல் ஜான்சன்

ஆங்கில அகராதியால் அழியாப் புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன், 1709ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். வறுமையால் ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பு இடையில் நின்றது.

வறுமையோடு வேறொரு துன்பமும் அவரைத் தொடர்ந்தது. அவர் விரும்பாமலே தலை ஆடும், உடல் குலுங்கும், வாயில் விந்தையான ஒலிகள் எழும். ஆசிரியர் பணி கேட்டபோது இவ்வசைவுகளைக் காட்டி மறுத்தனர். தாமே தொடங்கிய பள்ளியும் போதிய மாணவர் சேராமல் மூடப்பட்டது. 1737இல் இலண்டன் சென்று எழுத்தைத் தொழிலாகக் கொண்டார்.

ஒருநாள் ஓவியர் ஹோகார்த், நண்பர் இல்லத்தில் சன்னலருகே தலையாட்டி நின்ற ஒருவரைக் கண்டு அறிவு குன்றியவர் என எண்ணினார். அவர் வாய்திறந்து பேசியதும் வியந்து நின்றார். அவரே ஜான்சன்!

உரையாடலில் மனம் ஒன்றியபோது அவ்வசைவுகள் அடங்கின என்று ஓவியர் ரெனால்ட்ஸ் கூறியுள்ளார். எனவே ஜான்சன் தனிமையைத் தவிர்த்தார். நண்பர் கூட்டத்தையும் வேலையையும் நாடினார். உதவியாளர் அறுவரோடு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 42,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியை 1755இல் வெளியிட்டார். 1784இல் மறைந்த அவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜான்சன் இதனைத் தம் தீய பழக்கம் என்றே எண்ணியிருந்தார். 1885இல் பிரெஞ்சு மருத்துவர் டூரெட் இத்தகைய நோயை விளக்கினார். ஜான்சனுக்கு இருந்ததும் அதுவே எனப் பல மருத்துவர் இன்று கருதுகின்றனர். அது நரம்பு சார்ந்த குறை, குறும்பன்று.

மாணவச் செல்வங்களே! உடன் பயிலும் தோழன் கண்ணை இமைத்தாலும் தோளைக் குலுக்கினாலும் நகையாதீர். அவனை அருகழைத்து உரையாடுங்கள், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரே! அடித்துத் திருத்த முயலாது மருத்துவரிடம் காட்டுங்கள்.