கூட்டமும் குற்றமும்

கொலை ஒன்று நடக்கிறது. கொன்றவன் யார்? கணவனா, தம்பியா, காரோட்டியா, கணக்குப்பிள்ளையா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கடைசி வரையில் நம்மைக் கொட்டகையிலே கட்டிப்போடும் படங்கள் ஏராளம். விடை தெரிந்ததும் எழுந்து வீட்டுக்கு நடக்கிறோம். கொன்றவன் அவன், நாமல்ல. நிம்மதி!

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ஒருவர் இருந்தார். ஃபிரிட்ஸ் லாங் என்பது அவர் பெயர். கொன்றவனைக் காட்டியதோடு நில்லாமல், அவனைக் கொல் கொல் என்று கூவிய கூட்டத்தின் பக்கமும் படக்கருவியைத் திருப்பியவர். அவர் வரலாற்றை நம் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது.

1890 டிசம்பர் 5-ஆம் நாள் வியன்னா நகரிலே பிறந்தார். தந்தை கட்டடத் தொழில் நடத்தியவர். தாய் யூதராகப் பிறந்து கத்தோலிக்க மதத்துக்கு மாறியவர். முதல் உலகப் போரிலே ஆஸ்திரியப் படையில் சேர்ந்து காயம்பட்டார். மருத்துவமனையிலே படுத்தபடி படங்களுக்குக் கதை எழுதத் தொடங்கினார். போர் முடிந்ததும் பெர்லின் நகரம் அவரை அழைத்துக்கொண்டது.

1927-இல் வந்தது மெட்ரோபோலிஸ். முதலாளிகள் வானளாவும் மாளிகையிலே, தொழிலாளர்கள் மண்ணுக்கடியிலே. பத்து மணி நேரக் கடிகாரத்தோடு கட்டுண்ட மனிதர்களை அவர் காட்டிய காட்சியை உலகம் இன்றும் மறக்கவில்லை. ஆனால் முடிவிலே முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கிக் கொள்கிறார்கள், இதயம் நடுவே நின்று இணைத்து வைத்ததாம்! கூலி உயர்ந்ததா? வேலை நேரம் குறைந்ததா? படம் சொல்லவில்லை. அந்த முடிவு தமக்கே பிடிக்கவில்லை என்று லாங் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1931-இல் வந்தது அவருடைய முதல் பேசும் படம். ‘எம்’ என்ற ஒற்றை எழுத்தே தலைப்பு. ஜெர்மன் மொழியிலே கொலைகாரன் என்னும் சொல்லின் முதலெழுத்து அது. நகரிலே ஒருவன் சிறுமிகளைக் கொல்கிறான். கொலையை லாங் காட்டவில்லை. காத்திருக்கும் தாய், மேசையிலே காலித் தட்டு, உருண்டோடும் பந்து, கம்பியிலே சிக்கிய பலூன். இவ்வளவுதான், நெஞ்சு பதைக்கிறது!

நகரத்துக்குப் பித்துப் பிடிக்கிறது. நேரம் கேட்ட சிறுமிக்குப் பதில் சொன்ன கிழவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். குழந்தையிடம் பேசியவனெல்லாம் கொலைகாரன்! போலீசின் கெடுபிடியால் பிழைப்புக் கெட்ட திருடர் கூட்டம் தானே அவனைப் பிடித்து, தானே நீதிமன்றம் அமைத்து, தூக்கு கேட்கிறது. பீட்டர் லோரி நடித்த அந்தக் கொலைகாரன் கதறுகிறான். அவன்மீது நமக்கு வெறுப்பு மாறவில்லை. ஆனால் அவனைச் சூழ்ந்த முகங்களைக் கண்டும் அஞ்சுகிறோம்.

அந்த முகங்கள் இரண்டே ஆண்டிலே ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தன. பைத்தியக்கார விடுதியில் அடைபட்டபடியே குற்றக் கூட்டத்தை ஆட்டிவைக்கும் டாக்டர் மபூசேயின் கதையை லாங் படமாக்கி முடித்திருந்தார். 1933-இல் கோயபல்சின் ஆட்கள் அதற்குத் தடை போட்டார்கள். கோயபல்ஸ் தம்மை அழைத்துப் பெரும் பதவி தருவதாகச் சொன்னார் என்றும், அன்றிரவே ரயிலேறித் தப்பினோம் என்றும் லாங் பிற்காலத்தில் சொல்லிவந்தார். கடவுச்சீட்டின் முத்திரைகளோ, அதன் பிறகும் சில திங்கள் அவர் வந்துபோய்க் கொண்டிருந்ததைக் காட்டுகின்றன. வீரத்தைச் சற்றுக் கூட்டிச் சொன்னார் போலும்! ஆனால் அந்த ஆண்டிலேயே நாட்டை விட்டார் என்பது உண்மை. அவர் படங்களுக்குக் கதை எழுதிய மனைவி தியா ஃபான் ஹார்பூ நாஜிக் கட்சியிலே சேர்ந்தார், மணவிலக்கு ஆயிற்று.

இன்னும் கேளுங்கள். பீட்டர் லோரி யூதர். அவர் கதறும் அந்தக் காட்சியையே வெட்டியெடுத்து, 1940-இல் யூதர்மீது வெறியூட்டும் படமொன்றிலே நாஜிகள் ஒட்டிக்கொண்டார்கள். கூட்டத்தின் வெறியைக் கண்டித்த படச்சுருள், வெறியூட்டும் கருவியாயிற்று!

அமெரிக்கா சென்ற லாங், 1936-இல் ஃபியூரி என்ற படத்தைத் தந்தார். குழந்தை கடத்தியவன் என்ற சந்தேகத்திலே வழிப்போக்கன் ஒருவன் சிறையிலே. வதந்தி ஊரைச் சுற்றுகிறது. கூட்டம் சிறையைக் கொளுத்துகிறது. அவன் குற்றமற்றவன். எப்படியோ உயிர் தப்பிய அவன், மறைந்திருந்து, 22 பேர் தூக்கிலே தொங்கக் காத்திருக்கிறான். நாங்கள் அங்கே இல்லவேயில்லை என்று அவர்கள் சத்தியம் செய்கிறார்கள். செய்திப்படம் நீதிமன்றத்திலே ஓடுகிறது. தீவட்டி பிடித்த கையும் சிரித்த முகமும் திரையிலே! ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். படத்தின் நாயகனோ வெள்ளையன். அந்நாளைய ஹாலிவுட் முதலாளிகள் அவ்வளவுதான் அனுமதிப்பார்கள்.

1943-இல் பிரெக்டோடு சேர்ந்து நாஜிகளுக்கு எதிரான படம், 1953-இல் தி பிக் ஹீட் என உழைத்து, 1960-இல் கடைசிப் படத்தையும் மபூசேயின் பெயரிலேயே முடித்தார். கண்பார்வை மங்கி, 1976 ஆகஸ்டு 2-ஆம் நாள் 85-ஆம் வயதில் மறைந்தார்.

எங்கோ பெர்லின், எங்கோ அமெரிக்கா, நமக்கென்ன என்று கேட்கலாமா? 2018 மே திங்களில், நம் திருவண்ணாமலை மாவட்டத்திலே, குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிகளிலே வதந்தி பரவியிருந்த நேரம். கூட்டம் கூடியது, அடித்தே கொன்றது. அதையும் சிலர் படம் பிடித்தார்கள். நம் மூதாட்டி தப்பவில்லை.

தோழர்களே, கூட்டம் நம் வலிமை. கூட்டம் சேர்த்துத்தான் உரிமை கேட்டோம், பெற்றோம். மேடையேறிப் பேசும் நாம் இதை மறுக்க முடியுமா? ஆனால் உரிமை கேட்கும் கூட்டத்துக்குக் கோரிக்கை உண்டு, தலைமை உண்டு, பொறுப்பு உண்டு. பலி கேட்கும் கூட்டத்துக்கு வதந்தி மட்டுமே உண்டு. நம் தெருவிலே அப்படியொரு கூட்டம் கூடுகிற நாளிலே, கல்லெடுக்கும் கையைப் பிடித்து நிறுத்துகிறவன் நம் கட்சிக்காரனாக இருக்க வேண்டும்.