பிரதம மந்திரியைத் தலைகீழாக நிற்க வைத்தவர்

1957-ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டுக் கடற்கரையில் எடுக்கப்பட்ட ஒரு படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது. நரைத்த தலையை மணலில் ஊன்றி, கால்களை வானத்தை நோக்கி நீட்டி நிற்கிறார் ஒரு முதியவர். அவர் வேறு யாருமல்லர். அந்நாட்டின் பிரதம மந்திரி பென் குரியன்!

நமக்குச் சிரசாசனம் ஓர் அதிசயமல்ல. நம் நேருவும் சிரசாசனப் பிரியர்தாம். ஆனால் பென் குரியனோ பல்லாண்டுகளாக இடுப்பு வலியால் அவதிப்பட்டு வந்தவர். அவரை அப்படி நிற்கும்படி செய்தவர் வைத்தியப் பட்டம் பெற்றவரும் அல்லர். அவர் ஒரு பௌதிக விஞ்ஞானி. மோஷே பெல்டன்கிரைஸ் என்பது பெயர்.

இன்றைய உக்ரேனில் உள்ள ஸ்லாவுட்டா என்ற ஊரில் 1904-இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் பெல்டன்கிரைஸ். பதினான்காம் வயதில், பெற்றோரை விட்டுப் பிரிந்து பாலஸ்தீனம் புறப்பட்டார். டெல் அவீவ் நகரில் வீடு கட்டும் கூலி வேலை செய்தார். பிறகு பள்ளியில் சேர்ந்து படித்தார். தற்காப்புக்கென்று ஜப்பானிய மல்வித்தையையும் பழகினார். கட்டுமஸ்தான தேகம்; கால்பந்திலோ தீராத மோகம்.

அந்த மோகமே வினையாக முடிந்தது. 1929-இல் ஆட்டத்தின்போது இடது முழங்கால் கடுமையாக அடிபட்டது. வீங்குவதும் வற்றுவதுமாக அந்தக் கால் அவரை விடாமல் தொடர்ந்தது.

பாரிஸுக்குப் போய் இஞ்சினீயர் பட்டம் பெற்றார். நோபல் பரிசு பெற்ற ஜோலியோ கியூரியின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றினார். ஜூடோ கலையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவை 1933-இல் பாரிஸில் சந்தித்து, அக்கலையிலும் தேர்ந்து கறுப்புக் கச்சை பெற்றார். நொண்டிக் காலுடன் ஜூடோ! 1940-இல் ஜெர்மன் படைகள் நெருங்கவே இங்கிலாந்துக்குத் தப்பினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்காகப் பிரிட்டிஷ் கடற்படை இலாகா அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. கப்பல்களின் ஈரத் தளத்தில் வழுக்கி வழுக்கி, பழைய முழங்கால் மீண்டும் மோசமாயிற்று.

ரண சிகிச்சை அவசியம் என்றார்கள் டாக்டர்கள். குணமாகுமா என்று கேட்டதற்கு, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பதில் வந்தது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். இதைப் பிடிவாதம் என்று சொல்லலாம்தான். ஆனால் முன்பு நடந்த ஒரு சம்பவம் அவர் மனத்தில் இருந்தது.

ஒருநாள் கெட்ட காலைத் தூக்கிக்கொண்டு நல்ல காலால் தத்தித் தத்திப் போனவர், வழுக்கி விழுந்து நல்ல முழங்காலையும் சுளுக்கிக்கொண்டார். இனிப் படுத்த படுக்கைதான் என்று எண்ணி உறங்கிப் போனார். விழித்ததும் ஓர் ஆச்சரியம். கொஞ்சமும் பாரம் தாங்காத அந்தக் கெட்ட காலை ஊன்றி நிற்க முடிந்தது! முழங்காலின் எலும்பிலும் தசைநாரிலும் ஓர் உறக்கத்தில் என்ன மாறிவிடும்? ஒன்றும் மாறியிருக்காது. அப்படியானால், அதை உபயோகிக்கும்படி கட்டளையிடும் மூளையும் நரம்புகளும்தான் மாறியிருக்க வேண்டும். விஞ்ஞானியின் புத்தி அங்கேயே பிடித்துக்கொண்டது.

உடற்கூறு, நரம்பு, குழந்தை நடக்கப் பழகும் விதம் என்று புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். தரையில் படுத்துக்கொண்டு, பாதத்தை அசைத்தால் இடுப்பு என்ன செய்கிறது, விலா எலும்பு என்ன செய்கிறது என்று கவனித்தார். ஒரே சிறு அசைவை நூற்றுக்கணக்கான தடவை, வலிக்காதபடி, மெள்ள மெள்ளச் செய்தார். கத்தி படாமலே நடக்கத் தொடங்கினார். உடன் பணிபுரிந்தவர்களுக்கு இதைப் பற்றி அவர் செய்த பிரசங்கங்கள் 1949-இல் புத்தகமாயின.

பிறகு இஸ்ரேல் சென்று, ராணுவத்தின் மின்னணுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1954 முதல் விஞ்ஞான உத்தியோகத்தை விட்டுவிட்டு இந்தக் காரியமே கதி என்று ஆனார். உறவினரும் நண்பரும் வியந்திருக்க வேண்டும். ஜோலியோ கியூரியிடம் வேலை செய்தவர் பிறர் கால் பிடிக்கப் போவதா?

உண்மையில் அது கால் பிடித்துவிடும் வேலை அல்ல. தாழ்வான பலகைமீது ஒருவரைப் படுக்க வைப்பார். அழுத்த மாட்டார், எலும்பைச் சொடுக்க மாட்டார். வலிக்கும் இடத்தை முதலில் தொடவும் மாட்டார். தலையையோ பாதத்தையோ பூப்போல் ஏந்தி, எந்தப் பக்கம் இலகுவாகப் போகிறதோ அந்தப் பக்கமே அசைப்பார். இதைச் சிகிச்சை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பாடம் என்பார், வந்தவர் நோயாளி அல்ல, மாணவர். டெல் அவீவில் அலெக்சாண்டர் யனாய் தெருவில் கூட்டம் கூட்டமாகத் தரையில் படுக்க வைத்து நடத்திய பாடங்கள் மட்டும் ஐந்நூறுக்கு மேல். மகாபாரதத்தை நாடகமாக்கிய பீட்டர் புரூக்கும் தம் நடிகர்களுக்குப் பயிற்சியளிக்க அவரை அழைத்ததுண்டு.

இம்முறை சர்வரோக நிவாரணி அல்ல. முதியவர்கள் தடுமாறாமல் நிற்க உதவக்கூடும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் சில காட்டின. மற்ற விஷயங்களில் நிரூபணம் இன்னும் போதாது.

1975-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும், 1980-இல் ஆம்ஹர்ஸ்ட் நகரிலும் ஆசிரியர்களைத் தயாரிக்க வகுப்புகள் தொடங்கினார். ஆம்ஹர்ஸ்ட் வகுப்பில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அவ்வகுப்பு முடிவதற்குள் அவர் நோயுற்றார். 1984 ஜூலை 1-ஆம் தேதி டெல் அவீவில் காலமானார். அதற்குள் அவருடைய பாடம் பல தேசங்களுக்குப் போய்விட்டிருந்தது.