தரிசு நிலத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால் டாக்டர், இன்ஜினியர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பூச்சிகளைப் படிப்பதும் ஒரு வேலைதான். அந்தத் துறைக்குப் பூச்சியியல் என்று பெயர். அதில் உலகப் புகழ் பெற்ற ஒருவரை இந்த இதழில் சந்தியுங்கள்.

ழான் ஆன்ரி ஃபாபர் 1823-ல் தெற்கு பிரான்சில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையால் சிறு வயதிலேயே கூலி வேலை செய்தார். பிறகு தேர்வெழுதி உதவித்தொகை பெற்று, ஆசிரியர் பயிற்சி முடித்து, 1842-ல் பள்ளி ஆசிரியரானார். மற்றதையெல்லாம் பெரும்பாலும் தானாகவே படித்தார்.

குளவி ஒன்று வண்டுகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்காகக் கூட்டில் சேர்த்து வைக்கும். அந்த வண்டுகள் நாட்கணக்கில் அழுகுவதில்லை. செத்த வண்டு கெடாமலிருக்கக் குளவி ஏதோ மருந்து செலுத்துகிறது என்று அக்காலத்துப் பெரிய அறிஞர் ஒருவர் எழுதியிருந்தார். ஃபாபர் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தார். வண்டு சாகவில்லை; குளவி நரம்பு மையத்தில் கொட்டி அதை அசையாமல் செய்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். டார்வினே அவருடைய கவனிக்கும் திறனைப் பாராட்டினார்.

1865-ல் பட்டுப்புழு நோயை ஆராய வந்த லூயி பாஸ்டர் இவரைத் தேடி வந்தார். பட்டுக்கூட்டுக்குள் இருப்பது கூட்டுப்புழு என்பதே அந்த மேதைக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஃபாபர்தான்.

ஆனால் வாழ்க்கை எளிதாக இல்லை. அவிஞ்ஞோன் நகரில் இலவச மாலை வகுப்பு நடத்தினார். பூக்களில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பெண்கள் முன்னிலையில் விளக்கியதை அவ்வூர்ப் பழமைவாதிகள் குற்றமாக்கினார்கள். வேலை போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறி, பாடப் புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார்.

1879-ல், 55 வயதில், செரிஞ்ஞான் என்ற ஊரில் கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு தரிசு நிலத்தை வாங்கினார். எதுவும் விளையாத அந்த இடம் குளவிக்கும் வண்டுக்கும் சொர்க்கம். அதுவே அவருடைய ஆய்வுக்கூடம். வரிசையாகச் செல்லும் கம்பளிப்பூச்சிகளை ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் வட்டமாக நடக்க விட்டார். பக்கத்திலேயே உணவு இருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு நாட்கள் சுற்றிக்கொண்டே இருந்தன! இப்படிப் பார்த்ததையெல்லாம் கதை போல எழுதினார். 1907-க்குள் பத்துத் தொகுதிகள் வந்துவிட்டன. 1915-ல், 91 வயதில் மறைந்தார். அந்த வீடும் தோட்டமும் இன்று அருங்காட்சியகம்.

ஃபாபருக்குக் கிடைக்காத வழிகள் இன்று உங்களுக்கு இருக்கின்றன. வேளாண்மையோ விலங்கியலோ படித்துவிட்டு, முதுகலையில் பூச்சியியலை எடுக்கலாம். பயிரைக் காப்பது, கொசு பரப்பும் நோய்களைத் தடுப்பது, தேனீ வளர்ப்பு, குற்ற விசாரணையில் உதவுவது என்று வேலைகள் பல. விடுமுறையில் கோயம்புத்தூர் போனால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்த்து வாருங்கள்.

அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் வளாகத்துச் செடிகளில் ஏதாவது ஓர் எறும்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, தினம் பத்து நிமிடம் பார்த்து, தேதி போட்டு எழுதுங்கள். குளவிக்கூட்டை மட்டும் தள்ளி நின்று பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: படிக்கட்டு விளக்கடியில் உங்கள் பிள்ளை ஒரு விட்டில் பூச்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உடனே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.