சங்கரலிங்கனாரின் உண்ணாநோன்பு: விருதுநகர்ச் சமூகப் பின்புலத்தில் ஒரு வாழ்க்கை நோக்கு

தமிழ்நாடு என்னும் பெயர் மாநிலத்திற்கு வந்த வரலாற்றை எழுதுவோர் தியாகி சங்கரலிங்கனாரை ஒரு தொடரில் குறிப்பிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். 1956ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நோன்பைத் தொடங்கினார், அக்டோபர் 13ஆம் நாள் உயிர்நீத்தார், 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது என்று அச்செய்தி முடிகிறது. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையில் கிடக்கும் பன்னிரண்டு ஆண்டுகளையும், நோன்புக்கு முன் அவர் வாழ்ந்த அறுபது ஆண்டுகளையும் அத்தொடர் விழுங்கிவிடுகிறது. தம்மவரையே எதிர்த்து நின்ற ஒருவர், பகைமை இன்றி அதனை எவ்வாறு செய்தார் என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை தேட, அவர் பிறந்த மண்ணின் பூசல்களிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

பூசல் கண்ட மண்

சங்கரலிங்கனார் 1895ஆம் ஆண்டு விருதுநகரை அடுத்த மண்மலைமேடு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், சிவகாசி தாக்கப்பட்டது. கோயில் நுழைவு உரிமை பற்றிய நெடுநாள் வழக்காறு வீடுகளை எரித்தும் உயிர்களைப் பலிகொண்டும் அன்று வெடித்தது. அதே உரிமை குறித்த கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார் சமூகத்திற்கு எதிராக முடிந்தது. அவ்வழக்கின் தலைப்பிலும் சங்கரலிங்கம் என்னும் பெயர் வருகிறது. அவர் வேறு, இவர் வேறு. பழைய பதிவுகளைத் தேடுவோர் மயங்காதிருக்க இதனைச் சுட்ட வேண்டியுள்ளது.

வன்முறையால் இழந்தும், வழக்காடித் தோற்றும் நின்ற ஒரு சமூகம் அடுத்து என்ன செய்தது என்பது அமைதியாக்கம் குறித்துச் சிந்திப்போர் ஊன்றி நோக்கத்தக்கது. விருதுநகரில் உறவின்முறை என்னும் அமைப்பு முன்னரே வேரூன்றியிருந்தது. வணிகர் தம் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையை மகமையாகப் பொதுவில் செலுத்துவர். அத்தொகை கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் பயன்படும். 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை இவ்வகைப் பொதுப்பொருளில் வளர்ந்தது. வீடுதோறும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துப் பள்ளிக்கு அளித்த வழக்கத்தைக் காமராசர் வரலாற்றாசிரியர்களும் குறித்துள்ளனர். 1923இல் விருதுபட்டி என்னும் தன் பழம்பெயரை மாற்றி விருதுநகர் ஆனது அவ்வூர். அக்காலத்தை ஒட்டியே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட மதிப்பைக் கல்வியிலும் தொழிலிலும் ஈட்டிக்கொள்ளும் முயற்சி இது. பூசலின் காரணம் அப்படியே இருக்க, அதனை எதிர்கொள்ளும் வழி மாறியது. இந்த ஏற்பாடு ஒரே சமூகத்தின் எல்லைக்குள் நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்வெல்லையைத் தாண்டும் வழியைக் காந்திய இயக்கமே அவ்வூர் இளைஞர்க்குக் காட்டியது.

காந்தியத் தொண்டர்

1917இல் சங்கரலிங்கனார் காங்கிரசில் சேர்ந்தார். இராசாசியுடனும், தம் ஊரைச் சேர்ந்த இளையவரான காமராசருடனும் நெருங்கிப் பழகினார். கதர் விற்பனையில் ஈடுபட்டார்; உப்புச் சத்தியாக்கிரகக் காலப் போராட்டங்களில் பங்கேற்றார். மேடைத் தலைவராக அவர் எழவில்லை. பதவி எதனையும் அவர் பெற்றதாகவும் தெரியவில்லை. பெண்கல்வியில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. தம்மிடமிருந்த பொருளை விருதுநகர்ப் பெண்கள் பள்ளிக்கு அளித்து, அதன் வருவாயில் மாணவியர்க்குச் சிற்றுண்டி வழங்கச் செய்தார். மகமையும் பிடியரிசியும் பழகிய ஊரில் இது வியப்பான செயலன்று. எனினும் பின்னாளில் உணவை மறுத்து இறந்தவர், பிறர் பிள்ளைகளின் பசிக்குத் தம் கைப்பொருளைக் கொடுத்தவர் என்பதை வாழ்க்கை வரலாறு விட்டுவிடலாகாது.

நோன்பு

1950களின் தொடக்கம் மொழிவழி மாநிலக் கிளர்ச்சிகளின் காலம். சென்னை மயிலாப்பூரில் 1952 அக்டோபர் 19ஆம் நாள் நோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15ஆம் நாள் இறந்தார். அவரும் காந்தியரே. அவர் மறைவையடுத்து ஆந்திரப் பகுதிகளில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நான்கு நாள்களில் ஆந்திர மாநில அறிவிப்பைப் பிரதமர் நேரு வெளியிட்டார். தெற்கே, திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956இன் தொடக்கத்தில் தென் மாநிலங்களை இணைக்கும் தட்சிணப் பிரதேசத் திட்டம் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. மாநிலச் சீரமைப்புச் சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் தமிழ் வழங்கும் நிலம் சென்னை என்னும் நகரின் பெயரையே தாங்கி நின்றது.

இந்நிலையில் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்துச் சூலக்கரை மேட்டில் சங்கரலிங்கனார் நோன்பைத் தொடங்கினார். பின்னர் விருதுநகர் தேசபந்து திடலுக்கு மாறினார். மொழிவழி மாநிலம், தமிழ்நாடு என்னும் பெயர் ஆகியவற்றோடு, நாடு முழுதும் மதுவிலக்கு, அரசு ஊழியர் கதர் அணிதல், இரயில்களில் ஒரே வகுப்பு, தலைவர்களின் எளிய வாழ்வு, தேர்தல் முறையில் சீர்திருத்தம் முதலியனவும் அவற்றுள் அடங்கும். பெயர்க் கோரிக்கை மட்டும் நினைவில் நின்று ஏனையவை மறைந்தது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருத வேண்டும். அப்பட்டியல் ஓர் இனக் கோரிக்கைப் பட்டியலன்று. விடுதலைக்குமுன் காங்கிரசு மக்களுக்குச் சொன்னவற்றை, ஆட்சிக்கு வந்த காங்கிரசின்முன் ஒரு பழைய தொண்டர் மீண்டும் எடுத்துவைத்த நினைவூட்டல் அது. அவற்றுட் பல மைய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை என்பதும் மெய்யே.

உண்ணாநோன்பைக் கொடுங்கோலரிடம் பயன்படுத்தலாகாது, அன்பால் பிணைந்தவரிடமே பயன்படுத்தலாம் என்பது காந்தியடிகளின் கருத்து. அவ்விலக்கணத்தைச் சங்கரலிங்கனார் பெரிதும் நிறைவு செய்தார். அவர் எதிர்த்து நின்ற அரசின் முதல்வர் அவருடைய ஊரினர், இயக்கத் தோழர். ஆயினும் அன்பர் செவிசாய்க்காத இடத்தில் நோன்பு என்ன ஆகும் என்பதற்கு அவ்விலக்கணத்தில் தெளிவான விடையில்லை. அண்ணா, ஜீவானந்தம், ம.பொ.சி. ஆகியோர் கட்சி வேறுபாடின்றி வந்து நோன்பைக் கைவிட வேண்டினர். அவர் இசையவில்லை. உடல்நிலை முற்றிய பின் மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே அக்டோபர் 13ஆம் நாள் இறந்தார். எழுபத்தாறு நாள் நோன்பு என்று பெருவழக்காகச் சொல்லப்படுகிறது. ஜூலை 27 முதல் எண்ணினால் இறந்த நாள் எழுபத்தொன்பதாவது. மருத்துவமனையில் கழிந்த இறுதி நாள்களை விலக்கியதால் எண்ணிக்கை வேறுபட்டது எனக் கொள்ளலாம்.

தம் உடலைக் கம்யூனிஸ்டுக் கட்சியினரிடம் ஒப்படைக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்வாறே கே.டி.கே. தங்கமணியும் கே.பி. ஜானகியம்மாளும் உடலைப் பெற்று மதுரையில் இறுதிச் சடங்கை நடத்தினர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காங்கிரசுக்காரரின் இம்முடிவு பிணக்கின் வெளிப்பாடே. ஆனால் அவர் தம் கட்சியினர்மீது எவரையும் ஏவவில்லை; தம் இறுதிச் சடங்கிலிருந்து அவர்களை விலக்கிவைத்ததே அவர் காட்டிய தண்டனை.

மறைவுக்குப் பின்

ஸ்ரீராமுலுவின் மறைவுக்குப் பின் எழுந்த தீ இங்கே எழவில்லை. நான்கு நாளில் வந்த அறிவிப்பும் இங்கே வரவில்லை. வன்முறை தொடர்ந்தால்தான் அறப்போர் வெல்லுமோ என்னும் கசப்பான ஐயத்தை இவ்விரு சாவுகளும் ஒருங்கே எழுப்புகின்றன. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் ஒன்றைச் சொல்லலாம்: விருதுநகர்க் கோரிக்கை கலவரத்திற்குப் பதிலாகக் கட்சிகளினூடே பயணம் செய்தது. சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், திராவிட முன்னேற்றக் கழகத்தார், தமிழரசுக் கழகத்தார் என ஒருவரோடொருவர் ஒவ்வாதவர்கள் அதனைக் கையிலெடுத்தனர். 1961இல் தமிழில் தமிழ்நாடு என்றும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றும் வழங்க மாநில அரசு இணங்கியது. மாநிலங்களவையில் வங்காளியரான பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதாவை அண்ணா ஆதரித்துப் பேசினார், அது தோற்றது. 1967 ஜூலை 18ஆம் நாள் அண்ணா முதல்வராக இருந்து கொண்டுவந்த தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. முன்பு மறுத்த காங்கிரசாரும் அதில் அடங்குவர். பெயர் நடைமுறைக்கு வந்த இருபதாம் நாள் அண்ணா மறைந்தார்.

இடைப்பட்ட காலத்தில் அம்மாவட்டம் அமைதியாக இருந்துவிடவில்லை. நோன்பு முடிந்த மறு ஆண்டே, 1957 செப்டம்பரில், இம்மானுவேல் சேகரன் கொலையுண்டதைத் தொடர்ந்து பிரிக்கப்படாத இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்க் கலவரத்தைக் கண்டது. சாதிப் பகையின்முன் தேசபந்து திடலின் நினைவு எவ்வளவு மெலிந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

பன்னிரண்டு கோரிக்கைகளுள் மொழிவழி மாநிலம் அவர் இறந்த பத்தொன்பதாம் நாள், 1956 நவம்பர் 1ஆம் நாள், அமைந்தது. மாநிலத்தின் பெயர் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. நாடு தழுவிய மதுவிலக்கு வரவில்லை. இரயிலில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் நீக்கப்பட்டது, வகுப்புகள் நீங்கவில்லை.