ஏகபோகத்தோடு மோதிய வக்கீல்

வக்கீல் என்றால் பணக்காரன் பக்கம் நிற்பவர் என்பதே நம் தோழர்கள் பலருடைய எண்ணம். அனுபவம் தந்த எண்ணம், குறை சொல்லமாட்டோம். ஆயினும் அமெரிக்க நாட்டு லூயி பிராண்டைஸின் வரலாற்றை அவர்கள் அறிந்திடல் வேண்டும்.

1848 புரட்சி தோற்றபின் பிராக் நகரைவிட்டு அமெரிக்கா சென்ற யூதக் குடும்பம். 1856-இல் லூயிவில் நகரில் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம் பயின்றபோது கண்பார்வை கெட்டது. உடன் பயின்றோர் படித்துக்காட்ட, காதால் கேட்டே கற்றார். 20 வயதில் முதல் மாணவராகத் தேறினார். 1879-இல் பாஸ்டனில் நண்பர் வாரனுடன் தொழில் தொடங்கினார். கட்சிக்காரர்கள் யார்? ஆலை முதலாளிகள், வணிகர்கள்! கணக்குப் புத்தகத்தில் புரட்டு எங்கே என்று கண்டுபிடிக்கும் திறன் அங்கேதான் வாய்த்தது. முதலாளிகளிடம் கற்ற வித்தை, பின்னர் முதலாளிகள் மீதே பாய்ந்தது.

1907-இல் வந்தது நியூ ஹேவன் ரயில்வே விவகாரம். பின்னே நின்றவர் கோடீசுவரர் மார்கன். அந்த வட்டாரத்து ரயில், டிராம், கப்பல் என்று விழுங்கிவந்த கம்பெனி, பாஸ்டன்–மெயின் ரயில்வேயையும் விழுங்க வாய் திறந்தது. குறுக்கே நின்றார் பிராண்டைஸ். ஃபீஸ் வாங்கவில்லை, அதுமட்டுமா? இதற்குச் செலவான நேரத்துக்காகத் தம் கூட்டாளிகளுக்குத் தம் பையிலிருந்தே ஈடு கட்டினார்! கம்பெனியின் கணக்கை அலசி, காட்டுகிற இலாபம் இலாபமல்ல, அஸ்திவாரம் ஆட்டங்கண்டுவிட்டது என்றார். ஏசினார்கள், ஏளனம் செய்தார்கள். 1913 இறுதியில் பங்குதாரருக்கு ஈவு கொடுக்க வழியின்றி நின்றது கம்பெனி! 1914-இல் அரசாங்கம் தொடுத்த ஏகபோகத் தடை வழக்குக்குப் பணிந்து, விழுங்கியதைக் கக்கிட ஒப்புக்கொண்டது.

இடையில் 1908-இல், சலவைக்கூடப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்ற ஓரிகன் மாநிலச் சட்டத்தைக் காத்துத் தந்தார். அவர் தந்த மனுவில் சட்டப் பேச்சு இரண்டே பக்கம். மற்ற நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களும் மிகை உழைப்பு உடலைச் சிதைப்பதற்கான சான்றுகள்!

1916-இல் குடியரசுத் தலைவர் வில்சன் இவரை உச்சநீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். கிளம்பியது எதிர்ப்பு. காலணி இயந்திரக் கம்பெனி ஒன்றில் முன்பு இவர் இயக்குநர்; வக்கீலும்கூட. இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கே விட்டு, பிறர் இயந்திரத்தைத் தொடாதே என்று சிறு ஆலைகளைக் கட்டிப்போட்ட கம்பெனி அது. அதைவிட்டு விலகி, பிறகு அதையே எதிர்த்தார். துரோகம் என்றனர் எதிரிகள். வக்கீல் தொழிலில் இது கேட்கத்தக்க கேள்விதான், மறுக்கவில்லை நாம். ஆனால் கேட்டவர்கள் யார்? ஏகபோகக் கம்பெனிகளின் நண்பர்கள்! யூதர் என்ற வெறுப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்டே எதிர்ப்பில் கையெழுத்திட்டார். நான்கு மாதம் நடந்தது விசாரணை. ஜூன் முதல் நாள் செனட் சபை வாக்களித்தது: ஆதரவு 47, எதிர்ப்பு 22. அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் அவரே. 1939 வரை அமர்ந்திருந்தார்.